லெப்ட் கார்னரில் ஒரு புதுப் பையன்

மார்கழி பிறந்துவிட்டால் திண்டுக்கல் சமவெளியின் சாயங்காலங்களுக்குப் புதிதாக ஒரு வேலை வந்துவிடும். பொங்கலுக்கு இன்னும் நாலு வாரம்தான். வேடசந்தூர், வடமதுரை, ரெட்டியார்சத்திரம், நிலக்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பள்ளிக்கூடத் திடலிலோ கோயில் பொட்டலிலோ யாராவது குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து மண்ணில் தெளித்துக்கொண்டிருப்பார்கள். புழுதி அடங்கியதும் சுண்ணாம்புப் பொடியில் கோடு விழும். நூல் மில்லில் முதல் ஷிப்ட் முடித்தவர், காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்கியவர், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர் என ஒவ்வொருவராகச் சட்டையைக் கழற்றி வேப்பமரக் கிளையில் போட்டுவிட்டு உள்ளே இறங்குவார்கள். கபடிப் பயிற்சி தொடங்கிவிடும்.

பயிற்சி பார்க்கவும் கூட்டம் வரும். சுற்றுச்சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் அந்த இருபது முப்பது பேர்தான் ஊர் அணியின் முதல் ரசிகர்கள், முதல் நீதிபதிகளும் அவர்களே. பொங்கல் ஆட்டத்தன்று மைக் செட்டும் ஃபோகஸ் லைட்டும் போட்டுப் பார்க்கப்போகிற ஆயிரம் பேருக்கு முன்னால், யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்பதை இவர்கள் இங்கே பேசி முடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு புதுப் பையன் வருவான். பதினேழு, பதினெட்டு வயசு. நல்ல உயரம், நீண்ட கை, பள்ளி அணியில் ஆடிய பழக்கம். பழைய லெப்ட் கார்னர் வெளியூர் வேலைக்குப் போயிருப்பார். அந்த இடத்தில் இவனை நிறுத்திப் பார்ப்பார்கள். முதல் நாளே இரண்டு ரைடரைப் பாய்ந்து பிடித்து மண்ணில் சாய்த்துவிடுவான். சுவரில் இருக்கும் இளவட்டங்கள் விசிலடிக்கும். மூன்றாவது ரைடு அவன் கையை உதறிவிட்டு நடுக்கோட்டைத் தொட்டுவிடும். நாலாவதும் அப்படியே. அப்போது சுவரின் கோடியில் துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர், பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகச் சொல்வார்: “பையன் துடியாத்தான் இருக்கான் மாப்ள. ஆனா உள்ள வரவிட மாட்டேங்கிறானே.”

உள்ளே வரவிடுவது. கபடியில் பிடி ஆட்டத்தின் பாதி வித்தை இந்த இரண்டு சொல்லில் அடங்கியிருக்கிறது. ஒரு புதுப் பையனை எதை வைத்து எடை போட வேண்டும் என்பதற்கான கணக்கும் அதற்குள்தான் இருக்கிறது.

ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்களுக்காக அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோடு அதை இரண்டாகப் பிரிக்கும். ஓர் அணிக்கு ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பால்க் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு. பாடி வரும் ரைடருக்கு 30 விநாடி. அதற்குள் அவர் யாரையாவது தொட வேண்டும், இல்லாவிட்டால் பால்க் லைனையாவது தாண்டிவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரே ஏழு பேர் நிற்பார்கள். இரண்டு ஓரத்திலும் கார்னர், அவர்களை ஒட்டி ‘இன்’, அடுத்து கவர், நடுவில் சென்டர். பிடிக்கிறவர்களை நம் ஊர்த் திடலில் கேட்சர் என்றுதான் சொல்வார்கள், செய்தித்தாள்களில் தடுப்பாட்டக்காரர்.

ரைடர் பால்க் லைனுக்கு முன்னாலேயே நிற்கும்போது கார்னர் பாய்ந்தால், அவருக்கு வீடு மூன்று மீட்டர்தான். விழுந்தபடியே கையை நீட்டினாலும் நடுக்கோடு எட்டிவிடும். அதே ரைடர் போனஸ் கோட்டில் கால் வைத்த நிமிஷத்தில் பிடித்தால், அவர் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறார். அந்தக் கூடுதல் இரண்டு மீட்டரில்தான் கவர் இரண்டு பேரும் ஓடிவந்து அவர் இடுப்பை அடைக்க நேரம் கிடைக்கும். ஆகவே கார்னர் செய்ய வேண்டியது, ரைடர் மனசில் ‘இன்னும் ஓர் அடி போகலாம்’ என்ற ஆசையை வளர்ப்பது. அதற்குக் காத்திருக்க வேண்டும். பதினெட்டு வயசில் காத்திருப்பது லேசான காரியமல்ல.

அவசரப்பட்டால் இழப்பும் பெரிது. ரைடர் தொட்டு ஓடினால் ஒருவர்தான் அவுட். ஆனால் ஒரு கேட்சர் தப்பான நேரத்தில் பாய, அவனைக் காப்பாற்ற இன்னும் இரண்டு பேர் மேலே விழ, ரைடர் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டால் மூன்று பாயிண்ட் போச்சு, மூன்று ஆளும் போச்சு. மீதி நாலு பேர். அடுத்த இரண்டு ரைடில் ஆல் அவுட் ஆகி, எதிரணிக்கு மேலும் இரண்டு பாயிண்ட் சேரும். ஒரு புதுப் பையனின் ஒற்றை அவசரம் ஐந்து நிமிஷத்தில் ஆட்டத்தையே கவிழ்த்துவிடும். சுவர்க்கோடியில் இருக்கும் பெரியவர் விசிலடிக்காமல் இருப்பது அதனால்தான். இந்தக் கவிழ்ப்பை அவர் பல பொங்கல்களில் பார்த்திருக்கிறார்.

அவர் எதைப் பார்க்கிறார் என்று கவனித்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் புரியும். முதலில் பாதம். குதிகாலை ஊன்றி நிற்கும் பையன் ஒரு நொடி தாமதமாகத்தான் எழுவான். முன்பாதத்தில் எடை வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, வலது கால் அரை அடி பின்னால் போகும்படி நிற்பவன் எந்தப் பக்கமும் நகரத் தயாராக இருப்பான். அப்புறம் கண். ரைடரின் கையும் தலையும் பொய் சொல்லும். வலது பக்கம் கையை வீசிவிட்டு இடது காலை நீட்டுவார்கள். இடுப்பால் பொய் சொல்ல முடியாது. தேர்ந்த கேட்சர்கள் பார்ப்பது இடுப்பை. முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் பையன் ஏமாறுவான்.

அதற்கும் அடுத்தது கை. கார்னரின் ஒரு கை எப்போதும் பக்கத்தில் நிற்கும் ‘இன்’ கையோடு கோத்திருக்கும். சங்கிலி என்பது இதுதான். பாயப்போகிறேன் என்பதை விரல் அழுத்தத்திலேயே சொல்லிவிடலாம். புதுப் பையன்கள் பெரும்பாலும் ஆர்வத்தில் கையை முன்கூட்டியே உதறிவிடுவார்கள். அந்த உதறலைப் பார்த்தே அனுபவமுள்ள ரைடர் பின்வாங்கிவிடுவார்.

இந்த மூன்றும் சரியாக அமைந்து ஒரு ஆங்கிள் ஹோல்டு விழுவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது ஓர் அனுபவம். ரைடர் பக்கவாட்டில் மிதித்து மிதித்து வருகிறார். போனஸுக்காக முன்காலை நீட்டுகிறார். காலின் பெருவிரல் மண்ணைத் தொடுகிறது. இன்னும் எடை இறங்கவில்லை. கார்னர் அசையவில்லை. பாதம் முழுசாகப் பதிந்து, ரைடரின் எடை அந்தக் காலுக்கு மாறுகிற கண நேரத்தில் பையன் கீழே போகிறான். முழங்கால் மண்ணில் உரச, இரண்டு கையும் கணுக்காலைச் சுற்றிக் கோத்து, அதைத் தன் நெஞ்சுக்கு இழுக்கின்றன. தலை ரைடரின் காலுக்கு வெளிப்பக்கம். உள்ளே இருந்தால் மற்றொரு முழங்கால் வந்து தாடையில் இடிக்கும். ரைடர் இழுக்கிறார், ஒரு தத்து, இரண்டு தத்து. அதற்குள் கவர் வந்து இடுப்பில் மோதுகிறார். ‘கபடி கபடி’ நின்றுபோகிறது. மொத்தம் இரண்டு விநாடி. அதில் பிடி அரை விநாடிதான், முன்னால் இருந்த இருபத்தைந்து விநாடியும் காத்திருப்பு.

செல்போன் வீடியோவில் இந்த இருபத்தைந்து விநாடி இருக்காது. இப்போது ஊர்த் திடல்களில் யாராவது ஒருவர் கையில் செல்போனோடுதான் நிற்கிறார். பாய்ந்து பிடித்ததையும் தூக்கி எறிந்ததையும் மட்டும் வெட்டி, பாட்டுப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் காலை டீக்கடைக்குப் போனால் பையன் பெரிய ஆளாகிவிட்டிருப்பான். அந்த வீடியோவில் இருக்கும் நாலு பிடிக்குப் பின்னால் தவறிய ஏழு பிடியும் இருக்கும். தொழில்முறை ஆட்டத்திலேயே முயன்றதில் பாதியை வெற்றியாக்குகிற கேட்சர் நல்ல கேட்சர். மீதிப் பாதி எப்படித் தவறியது என்று பார்க்காமல் ஒருவனைக் கொண்டாடுவதும் சரி, ஒதுக்குவதும் சரி, அவனுக்குச் செய்யும் நியாயமாகாது.

பயிற்சி ஆட்டத்துக்கே உரிய மயக்கங்களும் உண்டு. ஒரே ஊர்ப் பையன்கள் தினமும் மோதுவதால் யார் எந்தக் காலை முதலில் நீட்டுவார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பொங்கலுக்கு முன்னால் யாரும் அடிபட விரும்பமாட்டார்கள். ரைடர் முழு வேகத்தில் உதறமாட்டார், கவர் முழுப் பலத்தோடு டேஷ் அடிக்கமாட்டார். அரை வேக ரைடைப் பிடித்துக் காட்டுவது பெரிய காரியமில்லை. வெளியூர் அணி வந்து, தோள் அகலமாக ஒரு ரைடர் எதிரே நின்று தொடையைத் தட்டும்போதுதான் பையனின் கால் உண்மையைச் சொல்லும்.

இந்த மயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்கக் கால்பந்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அணிகள் பயிற்சி முகாம் நடத்தும். ரசிகர்கள் குடும்பத்தோடு போய்ப் புது வீரர்களைப் பார்ப்பார்கள். முகாமின் முதல் சில நாள்களில் தோள் கவசம் இல்லை, முழு மோதல் இல்லை. அந்த நாள்களில் பளிச்சென்று தெரிகிற தடுப்பு வீரர், கவசம் மாட்டி மோதல் தொடங்கியதும் காணாமல் போவதுண்டு. தலைகீழாக நடந்ததும் உண்டு. மால்கம் பட்லர் என்ற இளைஞரை 2014-இல் வீரர்கள் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் முகாமுக்கு வந்து, ஆடிக் காட்டி இடம் பிடித்தார். 2015 பிப்ரவரி 1 அன்று சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தின் கடைசி அரை நிமிஷத்தில், எதிரணி கோட்டுக்கு ஒரு கஜம் வெளியே நின்று வெற்றிக்காக எறிந்த பந்தை அவர் குறுக்கே பாய்ந்து பறித்தார். 28-24 என்று அவர் அணி ஜெயித்தது. அந்த ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் அதே உத்தியில் எறிந்த பந்தை அவர் கோட்டைவிட்டிருந்தார். அன்றைக்குச் சுவரில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ‘இவன் ஆகமாட்டான்’ என்று சொல்லியிருக்கலாம். அவரோ அந்தத் தவறிலிருந்துதான் எதிரணியின் நோக்கத்தைப் படித்துக்கொண்டார்.

ஒரு பையன் தவறியபின் என்ன செய்கிறான் என்பதைப் பிடியைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டும். தலையைத் தொங்கப்போட்டு வெளியே போய் உட்காருகிறவன் உண்டு. அடுத்த ரைடிலேயே பழிதீர்க்கப் பாய்ந்து இன்னும் மோசமாகத் தவறுகிறவனும் உண்டு. பக்கத்தில் நிற்கும் அண்ணனிடம் “எங்கண்ணே விட்டேன்?” என்று கேட்கிறவனும் உண்டு. மூன்றாமவன் கிடைத்தால் மாஸ்டர்கள் விடமாட்டார்கள்.

புரோ கபடி லீக் வந்தபின் திண்டுக்கல் பக்கத்து ரசிகர்களின் பேச்சில் பெயர்களும் எண்களும் சேர்ந்துகொண்டன. 2014-இல் தொடங்கிய அந்தப் போட்டியில் தமிழ் தலைவாஸ் 2017-இல் சேர்ந்தது. பிடி ஆட்டத்துக்கும் பெயர் உண்டு, விலை உண்டு என்பதை ஊர்ப் பையன்களுக்குக் காட்டியது இந்த லீக்தான். ஈரானைச் சேர்ந்த லெப்ட் கார்னர் ஃபசல் அட்ராச்சலி 500-க்கும் மேற்பட்ட பிடிப் புள்ளிகள் எடுத்தவர். உத்தரப் பிரதேச அணிக்காக ரைட் கார்னரில் ஆடிய நிதேஷ் குமார், தம் இரண்டாவது சீசனான 2018-இல் சரியாக 100 பிடிப் புள்ளிகள் எடுத்தார். ஒரே சீசனில் நூறைத் தொட்ட முதல் கேட்சர் அவர்தான்.

புது முகம் ஒன்று முதல் சீசனிலேயே எல்லார் கணிப்பையும் புரட்டியதற்கு முகமதுரேசா ஷாட்லூயி நல்ல உதாரணம். 2021 டிசம்பரில் தொடங்கிய எட்டாவது சீசனில் பாட்னா அணிக்கு வந்தபோது இந்திய ரசிகர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. சீசன் முடியும்போது 89 பிடிப் புள்ளிகளோடு முதல் இடத்தில் நின்றார். அடுத்த இரண்டு வருஷத்தில் புனே அணி அவரை 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த சீசனில் 99 புள்ளிகள், கூடவே கோப்பை. அவர் ஆட்டத்தைப் பார்த்த நம் பையன்கள் கற்றுக்கொண்டது பாய்ச்சலை. பாய்வதற்கு முன்னால் அவர் ரைடரை எத்தனை அடி உள்ளே இழுக்கிறார் என்பதைக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. அந்த உயரமும் தோளும் இருப்பவர் அரை நொடி பிந்தினாலும் சமாளித்துக்கொள்வார். அறுபது கிலோ எடைப் பிரிவில் ஆடும் வேடசந்தூர்ப் பையனுக்கு அந்த வசதி கிடையாது.

தமிழ் தலைவாஸ் கதை இன்னும் நெருக்கமானது. எட்டாவது சீசனில் சாகர் ராத்தீ ரைட் கார்னரில் நின்று 80-க்கு மேல் பிடிப் புள்ளிகள் எடுத்தார்; லெப்ட் கார்னரில் சாஹில் குலியா. இரண்டு பேருமே சின்னப் பையன்கள். கவரில் தமிழ்நாட்டின் எம்.அபிஷேக். அணி ப்ளே-ஆஃப் போகவில்லை. 2022-இல் நிர்வாகம் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தது, அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க அவர் இல்லை. அணி தோற்றுக்கொண்டே போனது. பயிற்சியாளர் மாறினார், அஷன் குமார் வந்தார். சாகர் தலைமையில் அந்த இளம் பிடிக் கூட்டணி மெல்ல நிமிர்ந்தது. ப்ளே-ஆஃபில் உ.பி. அணியோடு 36-36 என்று சமன் ஆகி, டை-பிரேக்கரில் ஜெயித்து, தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. அங்கே புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது.

அந்தக் குளிர்காலத்தில் எந்த டீக்கடையிலும் சாகர், சாஹில் பேச்சுத்தான். அடுத்த சீசனில் அதே கார்னர்கள் இருந்தும் அணி ப்ளே-ஆஃபை எட்டவில்லை. அதே டீக்கடைகளில் அதே பெயர்களுக்குத் திட்டு விழுந்தது. ஒரு வருஷத்தில் கால் பலம் குறைந்துவிடவில்லை. எதிரணி ரைடர்கள் அவர்களைப் படித்துவிட்டார்கள்; எப்போது பாய்வார்கள், எந்தப் பக்கம் விழுவார்கள் என்பது வீடியோவில் பதிவாகியிருந்தது. இளம் கேட்சருக்கு முதல் வருஷத்தைவிட இரண்டாவது வருஷம் கஷ்டமாக இருப்பது இதனால்தான். ஊர்த் திடலிலும் நடப்பது இதுவே, இங்கே வீடியோவுக்குப் பதில் பக்கத்து ஊர்க்காரர்களின் நினைவு வேலை செய்யும்.

கேட்சர் தாமதமாகப் பழுக்கும் ஜாதி. தஞ்சாவூர்ப் பக்கம் திருச்சனம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதனைப் பார்த்தால் இது விளங்கும். 1975-இல் பிறந்தவர், ரைட் கார்னர். சுற்றி ஆடியவர்களில் பாதிப் பேர் அவரைவிடப் பதினைந்து இருபது வயசு இளையவர்கள். எல்லோருக்கும் அவர் ‘அண்ணா’. 2016 ஜூலையில் பாட்னா கோப்பை வென்றபோது அணித் தலைவர் அவர்தான். அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை ஜெயித்த இந்திய அணியிலும் இருந்தார். நாற்பது தாண்டிய கால் எப்படி இருபது வயசு ரைடரைப் பிடிக்கிறது? வேகத்தில் தோற்றுப்போகும் என்று தெரிந்தே அவர் இடத்தைக் குறைத்து ஆடினார். ரைடர் எங்கே வந்து நிற்பார் என்பதை முன்னமே கணித்து அங்கே இருந்தார். இந்தக் கணிப்பு பயிற்சி முகாமின் முதல் வாரத்தில் எந்தப் பையனிடமும் தெரியாது. ஆயிரக்கணக்கான ரைடுகளை எதிர்கொண்ட பிறகு வருவது அது.

மண்ணிலிருந்து ‘மேட்’ என்கிற செயற்கை விரிப்புக்குப் போவது இன்னொரு சோதனை. ஈரச் செம்மண்ணில் கேட்சர் சறுக்கிக்கொண்டே போய்க் காலைப் பிடிக்கலாம். ரைடரின் காலும் வழுக்கும். மேட்டில் இரண்டு பேருக்கும் ஷூ. சறுக்கல் கிடையாது, பாய்ந்த இடத்திலேயே உடம்பு நின்றுவிடும். ரைடருக்கோ பிடிமானம் கூடி, திரும்பும் வேகம் கூடுகிறது. ஊரில் சிங்கமாக இருந்த பையன் மாவட்டத் தேர்வில் மேட்டில் இறங்கி, மூன்று பிடி தவறவிட்டுத் திரும்பி வருவது சாதாரணம். அவனைப் பற்றி ஊர் சொல்லும் தீர்ப்பில் இந்த ஷூவும் மேட்டும் சேர்வதேயில்லை. பல ஊர்களில் பயிற்சி செய்ய மேட் கிடையாது. இதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் பெரியவர்கள். பழியைச் சுமப்பது பையன்.

திண்டுக்கல்காரர்கள் ஒரு புது ஆளைப் பக்கத்திலிருந்து பார்த்து எடை போட்ட கதை கிரிக்கெட்டிலும் உண்டு. 2016-இல் டிஎன்பிஎல் தொடங்கியபோது நத்தம் என்பிஆர் கல்லூரி மைதானம் போட்டி நடந்த இடங்களில் ஒன்று. அந்த முதல் வருஷம் திண்டுக்கல் டிராகன்ஸ் அணியில், சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த டி.நடராஜன் என்ற இடக்கை வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். யார்க்கர் மேல் யார்க்கராக இறக்கினார். அடுத்த ஆண்டு ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அந்த சீசன் சரியாக அமையவில்லை. பிறகு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது; 2018, 2019 இரண்டு வருஷமும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வெளியே உட்கார்ந்தார். ‘முடிஞ்சுது’ என்றார்கள். 2020-இல் 16 விக்கெட். அதே வருஷம் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், 2021 ஜனவரிக்குள் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமாகிவிட்டார். 2016-இல் அவரிடம் இருந்த யார்க்கர்தான் 2020-லும் இருந்தது. கேட்சரைப் போலவே பந்துவீச்சாளரும் எதிராளியை அடக்கி வைக்கப் பிறந்தவர். இருவருக்கும் ஒரு சீசன் கணக்குப் போதாது.

சுவரில் உட்கார்ந்திருப்பவர்களை இங்கே குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாமல் ஊர்க் கபடி இல்லை. மேட் வாங்க வசூல் செய்வது அவர்கள். தோள் இறங்கிய பையனைப் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அவர்கள்தான். ஒட்டன்சத்திரம் வட்டாரத்திலிருந்து போன சுசீந்திரன் 2009-இல் எடுத்த ‘வெண்ணிலா கபடிக்குழு’ படத்தின் நாயகனே கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த பையன். நம் பக்கத்தில் ரசிகனுக்கும் ஆட்டக்காரனுக்கும் நடுவில் ஒரு சுண்ணாம்புக் கோடுதான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்திய அணிகளோடு கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கம் வாங்கி வந்தபின், அரசுப் பள்ளித் திடல்களில் பெண் பிள்ளைகளின் பயிற்சியைப் பார்க்கவும் ஆள் நிற்கத் தொடங்கியிருப்பது நல்ல காரியம்.

கேட்க விரும்புவது ஒன்றுதான். கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொண்டுவரட்டும். புதுப் பையன் எத்தனை முறை பிடிக்கப் போனான், எத்தனை விழுந்தது, ரைடர் அப்போது பால்க் லைனுக்கு முன்னாலா பின்னாலா, கை சங்கிலியில் இருந்ததா என்று நாலு கட்டம் போட்டுக் குறிக்கலாம். அவன் பக்கமே வராமல் ரைடர் திரும்பிப்போன ரைடுகளையும் குறிக்க வேண்டும். ஒரு கார்னர் சரியாக நிற்பதால் ரைடர் அந்த ஓரத்தையே தவிர்த்தால், அது ஸ்கோர் போர்டில் ஏறாது. ஆனால் இரண்டு ரைடு வெறும் கையோடு போனால் மூன்றாவது ‘டூ ஆர் டை’, புள்ளி எடுத்தே ஆக வேண்டும். அந்த நெருக்கடியை உண்டாக்கியவன், அசையாமல் நின்ற அந்தப் பையன். மூன்று வாரம் எழுதினால் போதும், டீக்கடைப் பேச்சே மாறிவிடும்.

போகி நெருங்கும்போது திடலில் டியூப் லைட் கட்டிவிடுவார்கள். பனி இறங்கி, மூச்சு புகையாகத் தெரியும் நேரம். அணியின் மூத்த ரைடர் பாடிக்கொண்டு வருகிறார். லெப்ட் கார்னர் பக்கம் ஒரு காலை நீட்டுகிறார், எடுக்கிறார். மறுபடி நீட்டுகிறார். பையனின் வலது கை ‘இன்’ கையை இறுக்குகிறது, விடவில்லை. முன்பாதம் மண்ணை நோண்டுகிறது. சுவரிலிருந்து “புடிடா!” என்று ஒரு சத்தம். அவன் போகவில்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. ரைடர் பால்க் லைனை மட்டும் தாண்டிவிட்டு வெறும் கையோடு திரும்புகிறார்.

யாரும் விசிலடிக்கவில்லை. கோடியில் இருந்த பெரியவர் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் நகர்ந்து உட்காருகிறார். அடுத்த ரைடு கிளம்புகிறது.